கல்லும் காகிதமும்

கோட்டைகளை ரசிப்பதற்குப் பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை. அவை செத்துப்போனவை. செத்த புலியின் தோலை வருடிப் பார்க்க யாருக்கும் தைரியம் வந்துவிடும். ஸ்விட்ஸர்லாந்தின் மேற்கே, பிரெஞ்சு பேசும் வோ பிரதேசத்தில், இப்படி வருடிப் பார்ப்பதற்கு ஏராளமாக இருக்கிறது. லெமான் ஏரிக்கரைப் பாறையின் மேல் ஷியோன், கரையோரமாகவே மோர்ஷ், வடக்கே இன்னொரு ஏரியின் முனையில் இவெர்தோன், அதற்குச் சற்று மேலே கிரான்ஸோன், உள்நாட்டில் லா சர்ரா, லோஸான் நகரத்து மேட்டில் ஸான்-மேர். 13-ம் நூற்றாண்டில் ஸவாய்ப் பிரபுக்கள் கட்டியவையும் விரிவுபடுத்தியவையும் இவற்றில் பல. 1536-ல் பெர்ன் நகர அரசு இந்தப் பிரதேசத்தைப் பிடித்துக்கொண்டது. 1798 வரை அதன் அதிகாரிகள் இந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்து வரி வாங்கினார்கள், தீர்ப்புச் சொன்னார்கள். இவ்வளவும் எந்தப் பிரயாணக் கையேட்டிலும் கிடைக்கும். என் அக்கறை இந்தக் கோட்டைகளில் 1802-ல் நடந்த ஒரு காரியத்தைப் பற்றியது. கையேடுகள் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

அந்த ஆண்டு பிப்ரவரியில் லா சர்ரா கோட்டையின் ஆவணங்கள் தாக்கப்பட்டன. வசந்தகாலத்தில் காரியம் பரவியது. குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, ஒவ்வொரு கோட்டையாக, பிரபுவின் வீடு வீடாகப் போய், நிலப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, கொடுக்காத இடத்தில் பிடுங்கி, முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். லூயி ரெமோன் என்பவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பக்கத்துக் கொச்சை மொழியில் அவர்களுக்குப் 'பூர்லா-பாபே' என்று பெயர் வந்தது. காகிதம் எரிப்பவர்கள் என்று அர்த்தம். யுத்தம் மனிதர்களோடு அல்ல, காகிதங்களோடு என்பது அவர்களுடைய கோஷம். கோட்டையை இடிப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. கல் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

காரணம் எளிமையானது. 1798-ல் பிரெஞ்சுப் படைகளின் நிழலில் ஏற்பட்ட ஹெல்வெடிக் குடியரசு, தசமபாகத்தையும் பழைய நிலக்கடமைகளையும் ஒழிப்பதாக அறிவித்தது. கஜானா காலியானதும் 1800-ல் அந்தச் சட்டத்தை நிறுத்திவைத்தது. ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கடமைகள் பிழைத்து எழுந்து நின்றன. இது சாதாரணக் கொடுமை அல்ல. என்றைக்கும் விடுதலை கிடைக்காதவன் ஒருவிதமாக இருப்பான். கொடுத்த விடுதலையைக் கணக்குப் பார்த்துத் திரும்பக் கேட்டால் அவன் வேறு மனிதனாகிவிடுவான். 1789 கோடையில் பிரெஞ்சுக் கிராமங்களிலும் பதிவேடுகள் எரிந்தன என்பது உண்மை. 1793 ஜூலையில் பாரிஸின் புரட்சி அரசே நிலப்பிரபுத்துவப் பத்திரங்களைப் பகிரங்கமாக எரிக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. அங்கே நெருப்பு சர்க்காருடையது. வோவில் அது குடியானவனுடையது. தனக்குச் சொன்ன வார்த்தையை மீறிய ஒரு குடியரசுக்கு எதிரானது.

அந்தப் பதிவேடுகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொள்ள வேண்டும். குடியானவன் குறிப்பிட்ட கால இடைவெளியில், அதற்கென்று நியமிக்கப்பட்ட எழுத்தர் முன்னால் போய் நின்று, இன்ன நிலம் இன்னாருக்குக் கட்டுப்பட்டது, அதற்காக இவ்வளவு தானியம், இவ்வளவு திராட்சை ரசம், இத்தனை கோழி, இவ்வளவு காசு நான் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் எழுதப்படும். அதாவது அவன் கழுத்துக் கயிற்றை அவன் வாயாலேயே திரிக்க வைத்தார்கள். அவன் மகன் அதே வாசகத்தை மறுபடி சொல்வான். கோட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிரபு பலசாலியானாலும் நோயாளியானாலும், வாசகம் இருக்கிறவரை கோழி போய்ச் சேர்ந்தாக வேண்டும். வாளும் கோட்டையும் ஆரம்பத்தில் தேவைப்பட்டிருக்கலாம். பிறகு காகிதமே போதுமானதாக இருந்தது. ராணுவ ரீதியில் பிரயோஜனமற்றுப் போன பிறகும் அந்தக் கட்டடங்கள் இருநூறு, முன்னூறு வருஷம் ஆள முடிந்தது, அவை ஆவணக் கிடங்குகளாக இருந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடன் என்பது எங்கே இருக்கிறது என்ற கேள்வி வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு அன்றாட விஷயம். பேரேடு இருந்த மேஜையில் இன்று திரை இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். கவுண்டருக்கு வெளியே நின்று, 'என் பேர்ல எவ்வளவு நிக்குது, பாத்துச் சொல்லுங்க சார்' என்று கேட்கிறவருடைய முகத்தில் ஒரு விசித்திரமான பணிவு இருக்கும். தன்னைப் பற்றிய உண்மை தன்னிடம் இல்லை, எதிர்ப்பக்கம் இருப்பவனிடம் இருக்கிறது என்ற உணர்வால் வருகிற பணிவு அது. லா சர்ரா குடியானவன் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவன். அரசியல் தத்துவம் படித்தவர்கள் அதிகாரத்தின் ஆணிவேரைத் தேடிப் புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்க, அவன் நேராகப் போய் சரியான அலமாரியைத் திறந்தான்.

செய்தது நியாயமா? சட்டபூர்வமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அந்த உரிமைகளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் பரம்பரைப் பிரபுக்கள் அல்ல. நகரத்துக் குடும்பங்களும் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவர்களுடைய சொத்தை எரிப்பது திருட்டுக்குச் சமம் என்பது. இந்த வாதத்தோடு நான் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. மனிதனின் உழைப்பில் ஒரு பங்கைத் தலைமுறை தலைமுறையாக உறிஞ்சும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியதால் அது சுத்தமாகிவிடாது. வாங்கியவன் நஷ்டப்பட்டான் என்றால், அவனுக்கு விற்றவனிடம் போய்க் கேட்கட்டும்.

கனமான எதிர்வாதம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதைச் சொல்கிறவன் சரித்திரக்காரன். எரிந்தது பிரபுவின் உரிமை மட்டுமில்லை, ஒரு ஜனசமூகத்தின் ஞாபகமும்தான் என்கிறான். யார் எந்த வயலை உழுதான், எந்த ஓடை எல்லையாக இருந்தது, எந்த விதவை எதைக் கொடுக்க ஒப்புக்கொண்டாள், இவையெல்லாம் அந்தப் பதிவேடுகளில்தான் இருந்தன. ஏழையின் பெயரை, அவன் நிலத்தின் பெயரை, யாராவது அக்கறையாக எழுதிவைத்தார்கள் என்றால் அது அவனிடம் வாங்க வேண்டியது இருந்ததால்தான். ஆக, முற்றத்தில் எரிந்தது எரித்தவர்களுடைய பாட்டன்மாரின் பெயர்களும்கூட. இந்த எதிர்வாதத்தை அலட்சியமாகத் தள்ளுகிறவர்களை நான் நம்புவதில்லை. நம் முற்போக்காளர்கள் சிலர், மக்கள் எழுச்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது.

ஷியோனை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வகுப்புகளில் 'சில்லான்' என்று நமக்குப் பரிச்சயமான அதே கோட்டைதான். 1348-ல் கொள்ளைநோய் ஐரோப்பாவில் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று வதந்தி எழுந்தது. ஸவாய்ப் பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட யூதர்கள் ஷியோனில் அடைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். ஏரியின் எதிர்க்கரையிலுள்ள தோனோனைச் சேர்ந்த பலவிஞி என்ற அறுவை வைத்தியர் அவர்களில் ஒருவர். கொஞ்ச நேரம் சித்திரவதைப் பொறியில் ஏற்றி இறக்கிய பிறகு, நெடுநேரம் தயங்கி, ஒப்புக்கொண்டார் என்று பதிவாகியிருக்கிறது. அவரைப் படகில் ஏற்றி ஏரியில் கூட்டிப்போய், க்ளாரன் என்ற இடத்து நீரூற்றைக் காட்டி, இதுதான் அந்த இடம் என்று சொல்லவும் வைத்தார்கள். இந்த ஒப்புதல்களையெல்லாம் கோட்டை அதிகாரி நகல் எடுத்து ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்கு அனுப்பினான். 1349 பிப்ரவரி 14-ல் ஸ்ட்ராஸ்பூரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரிக்கப்பட்டார்கள். அப்போது அந்த நகரத்துக்குக் கொள்ளைநோய் வந்து சேரக்கூட இல்லை. காகிதம் முந்திக்கொண்டது.

அந்தக் கடிதத்தை வழியில் ஒருவன் பிடுங்கி எரித்திருந்தால்? வதந்திக்கு வேறு வழிகளும் இருந்தன. ஒரு கடிதம் போனதால் மட்டும் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு அதை எரிப்பது கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கு அதே கடிதத்தை ஒருவன் எரிக்கப்போனால் அவன் கையைப் பிடித்து நிறுத்துவதும் கடமைதான். ஏனென்றால் பலவிஞி என்ற ஒரு மனிதன் தயங்கினான் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் தயக்கம் என்ற ஒற்றை வார்த்தையை, அதன் பொருள் என்னவென்று புரியாமலே, கொலைகாரனின் எழுத்தன் எழுதிவைத்துவிட்டான். கொன்ற காகிதமும் கொலையுண்டவனின் ஒரே சாட்சியமும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டையும் பிரித்தெடுக்க வழி கிடையாது.

அப்படியானால் பிரச்சினை காலத்தைப் பற்றியது என்றாகிறது. காகிதத்தின் விஷப்பல் எப்போது விழுகிறது? அது விழுகிறவரை அந்தக் காகிதம் யாரைக் கடிக்கிறதோ அவனுக்கு அதை அழிக்கும் உரிமை உண்டு. விழுந்த பிறகு அது எல்லோருக்கும் பொது. சொல்வதற்கு இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பல் விழுந்துவிட்டது என்று யார் சான்றிதழ் கொடுப்பது? 1798-ல் குடியரசே கொடுத்தது. இரண்டே வருஷத்தில் அதே காகிதம் கடித்தது. அந்த இரண்டு வருஷத்தில் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன மனிதன், சரித்திரப் பிரக்ஞை உள்ளவனாகவே இருந்திருக்கலாம். குடியானவன் கண்ணுக்கு அவன் பிரபுவின் காவலாளி. குடியானவன் பார்த்ததுதான் சரியாகவும் முடிந்தது. வருங்காலச் சந்ததிக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். அந்த உரிமைக்கான விலையைச் சந்ததி கொடுப்பதில்லை. நான் சௌகரியமாக உட்கார்ந்து படிப்பதற்காக இன்னொருவன் இன்னும் ஒரு தலைமுறை கோழி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எரித்தவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். நஷ்டம் இல்லை என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

இந்த நஷ்டத்தின் கணக்கும் நேராக இல்லை. ஷியோன் கோட்டையின் வரவு செலவுக் கணக்குகள் 13-ம் நூற்றாண்டு முதல் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஸவாய்ப் பரம்பரையின் தலைமைக் கணக்குகளாக அவை ஆல்ப்ஸுக்கு அப்பால் டூரின் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. எந்தக் குடியானவனின் கைக்கும் எட்டாத தூரம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பெர் நேஃப் அந்தக் கோட்டையைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றபோது, இடிந்ததை ஊகத்தால் நிரப்பாமல், சுவரைத் தோண்டியும் இந்தப் பழைய கணக்குகளைப் படித்தும் வேலை செய்தார். தச்சனுக்குக் கொடுத்த கூலியும் சுண்ணாம்புக்கு ஆன செலவும் அவருக்கு வழி காட்டின. அவருக்கு முன்னால் லோஸான் தேவாலயத்தைப் புதுப்பித்த வியோலே-ல்-துக் வேறு மாதிரி ஆசாமி. புதுப்பிப்பது என்றால் ஒரு கட்டடத்தை எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு பூரண நிலைக்குக் கொண்டுபோவதும் ஆகலாம் என்று துணிந்து வாதாடியவர். 1879-ல் லோஸானிலேயே இறந்தார். அவர் கலைஞர், நேஃப் குமாஸ்தா என்று சொல்லிவிடலாம். குமாஸ்தாவின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, உள்ளூர்ச் சின்னப் பிரபுவின் ஏடுகள் நெருப்பில் போக, பெரிய அரசனின் ஏடுகள் தப்பின என்பதுதான். தப்பிய ஏடுகளில் கோட்டை எப்படிக் கட்டப்பட்டது என்பது இருக்கிறது. எரிந்தவற்றில் கோட்டை எதைத் தின்று வாழ்ந்தது என்பது இருந்தது. ஆகவேதான் நம்மால் இன்று சுவரைக் கச்சிதமாக நிமிர்த்த முடிகிறது. அதைப் பார்க்க வருஷத்துக்குச் சில லட்சம் பேர் வருகிறார்கள்.

வருகிறவர்கள் முக்கியமாகத் தேடுவது பைரனை. ஸவாய்க் கோமகன் 1530-ல் சிறைப்பிடித்து, 1536-ல் பெர்ன் படைகள் விடுவித்த பிரான்ஸுவா போனிவார், நான்கு வருஷம் கிடந்த நிலவறை அங்கே இருக்கிறது. 1816 ஜூனில் ஷெல்லியோடு வந்து பார்த்த பைரன் சில நாட்களிலேயே தன் கவிதையை எழுதிவிட்டார். அதில் வரும் கைதியின் சகோதரர்கள் அவன் கண்ணெதிரே சாகிறார்கள். நிஜப் போனிவாரோடு சகோதரர்கள் யாரும் அடைக்கப்படவில்லை. அவருடைய சரித்திரம் அப்போது தனக்குச் சரிவரத் தெரியாது என்று பைரனே பின்னால் சொல்லிக்கொண்டார். ஒரு தூணில் பைரனின் பெயர் செதுக்கியிருக்கிறது, கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். அவரே செதுக்கினார் என்பது சந்தேகத்துக்குரியது. இலக்கியக்காரர்களுக்கு இவையெல்லாம் போதும். சுதந்திரத்தின் நித்தியமான ஆன்மா என்ற ஒரு பிம்பம் அங்கே கிடைத்துவிடுகிறது. அதே கட்டடத்தில் பலவிஞி ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டதும், பெர்ன் ஆட்சியில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் அடைக்கப்பட்டதும் அந்தப் பிம்பத்தில் இடம் பெறாது. போனிவாரின் பிற்கால வாழ்க்கையும் இடம் பெறாது. விடுதலையான ஜெனீவாவில் அவர் நகரத்தின் சரித்திரத்தை எழுதினார், தன் புத்தகங்களை நகரத்துக்குக் கொடுத்தார். 1565-ல் அதே ஜெனீவா அவருடைய நான்காவது மனைவியைச் சோரம் போனதாகக் குற்றம் சாட்டி நீரில் அமுக்கிக் கொன்றது. முன்னாள் கைதி அப்போது எழுபது தாண்டிய கிழவர். இதைப் பற்றிக் கவிதை எழுத யாரும் வரவில்லை. நல்ல கவிதையும் ஒருவகையில் காகித எரிப்புதான் என்று நான் சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஆனால் பைரன் படித்துவிட்டுப் போகிற ஒருவனுக்கு அந்த நிலவறையில் வேறு யாரும் இருந்ததே தெரிவதில்லை. குடியானவன் தன்மேல் கட்டியிருந்ததை எரித்தான். கவிஞன் எரிப்பது பிறருடையதை.

1802 எழுச்சி சில மாதங்களில் அடங்கிவிட்டது. மே மாதம் அவர்கள் லோஸானை நோக்கி அணிவகுத்தார்கள். பேச்சுவார்த்தை, பிரெஞ்சுத் துருப்புகள், கலைந்து போதல். தலைவர்களுக்கு, அவர்கள் தப்பிப்போன பிறகு, மரண தண்டனை விதித்தார்கள். அதே வருஷத்தில் மன்னிப்பும் வந்தது. 1803-ல் வோ தனி மாநிலம் ஆனது. எரிந்த காகிதங்களை யாராலும் திரும்ப எழுத முடியாத நிலையில், பழைய கடமைகளின் பிரச்சினை அடுத்த சில வருஷங்களில் தீர்த்துவைக்கப்பட்டது. பெர்ன் அதிகாரி உட்கார்ந்திருந்த ஸான்-மேர் கோட்டையில் இன்று மாநில அரசின் தலைமையகம் இருக்கிறது. அதன் சுவரோரம், 1723-ல் பெர்னுக்கு எதிராகத் தனியொருவனாகக் கிளம்பித் தலை வெட்டுப்பட்ட மேஜர் தவேலின் நினைவுச் சின்னம் நிற்கிறது. அவரைக் காட்டிக்கொடுத்தது லோஸான் நகர சபை. வாசகத்தில் அது எழுதப்பட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லைபோலும். காகிதம் எரித்தவர்கள் கூட்டமாக வந்தவர்கள். அவர்களைச் சிலையாக்குவது கஷ்டம்.

லா சர்ராவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அந்தக் கோட்டையின் கடைசி உரிமையாளரின் விதவை எலேன் த மாந்த்ரோ, நவீன கலையில் பைத்தியமாக இருந்தவர். 1928 ஜூனில் அவர் அழைப்பில் கார்புஸியேயும் பிற நவீன கட்டடக் கலைஞர்களும் அங்கே கூடி, பழைய கட்டடக்கலைக்குப் பிரிவுபசாரம் சொல்லித் தங்கள் சங்கத்தை நிறுவினார்கள். பழைய நகரத்தின் தெருவையும் முற்றத்தையும் கணக்கிலிருந்தே தள்ளிவிடத் தயாராக இருந்த தலைமுறை அது. பின்னாளில் சண்டிகரைக் கட்டப்போகிறவர், 1802-ல் காகிதங்கள் போன இடத்தில் உட்கார்ந்து, சுத்தமான ஆரம்பம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். ஆனால் குடியானவனுக்குத் தான் எரிப்பது எது, ஏன் என்று தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் ஒருசேரத் துடைத்துவிட அவன் ஆசைப்படவில்லை. இந்த வித்தியாசத்தை நவீனத்துவம் பேசும் நாம் அடிக்கடி மறக்கிறோம்.

அடுத்த வருஷம், 1929 செப்டம்பரில், அதே கோட்டையில் சுயேச்சைத் திரைப்படக்காரர்களின் மாநாடு. ஐஸென்ஸ்டைன் வந்திருந்தார், பேலா பலாஷ் வந்திருந்தார். வியாபார சினிமாவுக்கும் சுயேச்சை சினிமாவுக்கும் நடக்கும் போரை விளையாட்டாக ஒரு சின்னப் படமாக எடுத்தார்கள். கோட்டையில் மாட்டியிருந்த பழைய கவசங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு நடித்தார்கள். அந்தப் படச்சுருள் பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சில புகைப்படங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் சிரித்துக்கொண்டிருக்கிறவர்கள் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டை அசல். எந்தப் பிரபுவுடையது, அதற்கு யார் எவ்வளவு தானியம் அளந்தார்கள் என்பது எழுதியிருந்திருக்கக்கூடிய ஏடுகள் போய் அப்போது நூற்றிருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.